ஜெனீவா பொண்டாட்டி

உண்ணாமலை என்கிற பேர் அவளுடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தா.பழூரைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் இருக்கிற அந்த ஊரில் அவள் ‘ஜெனீவா பொண்டாட்டி’. பேரைக் கேட்டுவிட்டு ஏதோ வெள்ளைக்காரனுக்கு வாக்கப்பட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் புருசன் அமிர்தலிங்கம் அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினதே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். ஜெனீவா அவர் காலால் போன ஊர் இல்லை, வாயால் போன ஊர்.

அந்த வம்சத்துக்கே வாய் நீளம். அமிர்தலிங்கத்தின் தாத்தா பஞ்சாயத்தில் பேசிப் பேசியே ஒரு காணி நிலத்தைத் தோற்றவர். அப்பா ஊர்க் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேசுவார். கைகலப்பு வந்தால் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுவார். அவருக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவர் முருகையன் நல்ல நிலத்தையும் கோயில் தர்மகர்த்தா பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். இளையவருக்கு வாய் மிஞ்சியது.

வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை கிடைத்தது. லாரி வராத நேரமெல்லாம் பேப்பர் படிப்பார். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது ஒரு வாரத்து உலகத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். உண்ணாமலை பால் கறக்க உட்கார்ந்திருப்பாள். இவர் பின்னால் நின்றுகொண்டு, போஸ்னியாவில் ஆயிரக்கணக்கில் ஆளைக் கொன்று குழியில் தள்ளியவனை எந்த ஊர்க் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று விளக்குவார்.

“அந்தக் கன்னுக்குட்டிய கொஞ்சம் புடிச்சுக் கட்டுங்க” என்பாள்.

கட்ட மாட்டார். உலக நியாயம் முடிவதற்குள் கன்றுக்குட்டி பாலைக் குடித்து முடித்திருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஈழத்தில் கடைசிச் சண்டை நடந்த வருசம் அவர் தேம்பித் தேம்பி அழுதார். அது பொய் அழுகை இல்லை. உண்ணாமலையும் கூட உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஜெனீவா பிடித்தது. அங்கே மனித உரிமைச் சபை என்று ஒன்று கூடும். கொன்றவனை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் வரும். நம்ம நாடு கை தூக்குமா தூக்காதா என்று இவர் இங்கே கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ரெண்டு தடவை தூக்கியது. ரெண்டாயிரத்துப் பதினாலில் தூக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விலகிக்கொள்கிறோம் என்றது.

பந்தி நடக்கிற வீட்டில் பரிமாறவும் மாட்டேன், இலையும் எடுக்க மாட்டேன், வாசலில் நின்று வெற்றிலை மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்கிற மாமன் மச்சானைப் பார்த்திருக்கிறோம். நாடே அப்படி நிற்கும் என்று அப்போதுதான் பார்த்தது.

அமிர்தலிங்கம் ஜெயங்கொண்டத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். விடிகாலையில் பழையதும் மோரும் கருவாடும் உண்ணாமலை கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார், அது வேறு கதை. பந்தல் நிறையக் கூட்டம் வேண்டுமே என்று கிழக்குத் தெருப் பெண்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கிழக்குத் தெரு என்றால் ஊர் சாமி நுழையாத தெரு. அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் கலைமணி என்று ஒருத்தி. புருசன் இல்லை, ஜெயசீலன் என்று ஒரே பையன். அவள் அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்து அமிர்தலிங்கம் பேசினதை வாய் பிளந்து கேட்டாள்.

“கண்ணால பாத்துட்டு வாயை மூடிக்கிறவன், கொன்னவனுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்துறவன்!” என்று மைக்கில் கத்தினார். கைதட்டல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவர் ‘ஜெனீவா’. அந்தப் பட்டத்தில் பாதி உண்ணாமலைக்கு ஒட்டிக்கொண்டது, கருவாட்டு வாசனை மாதிரி.

கலைமணி மகன் ஜெயசீலன் வளர்ந்து கதிர் அறுக்கிற மிஷின் ஓட்டினான். மூணு வருசத்துக்கு முந்தின சித்திரைத் திருவிழாவில், சாமி ஏன் எங்கள் தெருவுக்கு வராது என்று தேர் முட்டியில் நின்று கேட்டான். கேட்டான், அவ்வளவுதான். மறுநாள் உச்சி வெயிலில் அமிர்தலிங்கத்தின் மோட்டார் கொட்டகைக்கு எதிர் வரப்பில் அவனை மடக்கினார்கள். மடக்கியது முருகையன் மகன் குருமூர்த்தியும் அவன் கூட்டாளிகளும். கையில் மண்வெட்டிக் காம்பு. கொட்டகைக்குள் அமிர்தலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; உண்ணாமலை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் பார்த்தார்கள். “டேய், டேய்” என்று இவர் உட்கார்ந்தபடியே கத்தினார். இவள் எழுந்து ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே பையனுக்கு உயிர் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் அமிர்தலிங்கம் நிஜமாகவே ஜெனீவாவாக இருந்தார். போலீசிடம் பேர் பேராகச் சொன்னார். அண்ணன் மகன் என்றும் பார்க்கவில்லை. டி.வி.க்காரன் மைக்கை நீட்டினதும், “இது மனித குலத்துக்கே எதிரான குற்றம்” என்றார். உண்ணாமலைக்குக் கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல் முறையாகப் புருசனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த போலீசுக்குக் காப்பி போடச் சொன்னார்கள், போட்டாள்.

குருமூர்த்தி ஜெயிலுக்குப் போனான், ஜாமீனில் வந்தான். வழக்கு ஊர்ந்து ஊர்ந்து வந்து, போன வருசம் ஆனி மாதம் சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதே சமயம் ஆர்த்திக்கு, அவர்கள் ஒரே மகளுக்கு, வாலிகண்டபுரத்தில் மாப்பிள்ளை முடிவாகி ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தது.

அந்த வாரம் காசாவில் சண்டையை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்து, நம்ம நாடு மறுபடியும் ஓட்டுப் போடாமல் விலகிக்கொண்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. டீக்கடையில் அமிர்தலிங்கம் கொதித்தார். “புள்ளைங்க சாவுது. சண்டைய நிறுத்துன்னு சொல்லக்கூட நாக்கு வரலையா? இது என்ன நடுநிலை? நட்டு வெச்ச வைக்கோல் பொம்மை நிலை!”

டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “வர்ற வாரம் ஒங்களுக்குக் கோர்ட்டாமுல்ல?”

அமிர்தலிங்கம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் முருகையன் தம்பி வீட்டுக்கு வந்தார். மூத்தார் முன்னால் உண்ணாமலை நிற்கிற வழக்கமில்லை. இத்தனை வருசத்தில் அவர் முகம் பார்த்துப் பேசியதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“பந்தக்கால் எப்பன்னு வெச்சிருக்கே?” என்றார் முருகையன்.

“ஆவணி பொறந்ததும் நட்டுடலாம்ணே.”

“யாரு புடிப்பா?”

அந்தப் பக்கத்தில் கல்யாணப் பந்தலுக்கு முதல் கால் ஊன்றும்போது பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பிடிக்க வேண்டும். பெண்ணுக்குப் பெரியப்பன் கை அதில் முதல் கையாக இருக்க வேண்டும். பங்காளி கை படாத காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் மரியாதை கொடுக்க மாட்டார்கள். சனியன் பிடித்த வீடு என்று பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பினவர்களும் உண்டு.

“எம் புள்ளைய தூக்குல ஏத்திப்புட்டு, எங்கையால ஒம் பொண்ணுக்குக் கால் ஊன்றச் சொல்றியா?” என்றார் முருகையன். “உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. பாக்கலைன்னு சொல்ல வேணாம். பாத்தேன்னும் சொல்ல வேணாம். நீதான் படிச்சவனாச்சே, ஒனக்குத் தெரியாததா? பேசாம இரு. அவ்வளவுதான்.”

அமிர்தலிங்கத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தலைவலிக்காரனுக்குத் தைலம் கிடைத்த மாதிரி. “பொய் சொல்ல மாட்டேன்ணே” என்றார் கம்பீரமாக. “அது மட்டும் என்னால முடியாது.”

கதவுக்குப் பின்னால் உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு.

அரியலூர்க் கோர்ட்டில் கூண்டேறி நின்று அவர் பேசியதை ஊரே வந்து நடித்துக் காட்டியது. “ஐயா, நான் அங்க இருந்தது உண்மை. சம்பவம் நடந்ததும் உண்மை. ஆனா இன்னாருன்னு பேர் சொல்ற நிலைமையில நான் இல்ல. நான் ரெண்டு தரப்புக்கும் பொதுவானவன்.”

“சாட்சிக்கு ஏதுய்யா தரப்பு?” என்றாராம் நீதிபதி.

அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சி என்று எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போலீசு எழுதின பட்டியலில் வேறு கண்ணால் கண்ட சாட்சி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை கேட்டாள்: “சொன்னீங்களா?”

“விலகிக்கிட்டேன்.”

“எங்கேர்ந்து?”

“ஒனக்குப் புரியாது. நான் அந்தப் பையனுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லல. எங்கண்ணன் மவனுக்கு ஆதரவாவும் ஒரு வார்த்தை சொல்லல. ஒரு குடும்பத்த நடத்துறவனுக்கு ஆயிரம் சங்கடம் இருக்கும். இந்தப் பக்கம் சாஞ்சா அவன் கோவிச்சுக்குவான், அந்தப் பக்கம் சாஞ்சா இவன் வுட்டுட்டுப் போயிடுவான். பெரிய பெரிய நாடே அப்படித்தான் நடந்துக்குது.”

“அதத்தான வைக்கோல் பொம்மைன்னீங்க?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டீக்கடைப் பக்கம் போகவில்லை. எதிர்த் திசையில் போனார்.

உண்ணாமலைக்கு அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் திட்ட வாயெடுத்தபோதெல்லாம் தன் வாயும் இத்தனை நாள் மூடியேதான் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. புருசன் சொல்லுவார், நமக்கென்ன என்று இருந்துவிட்டவள்தானே அவளும். அதோடு குருமூர்த்தி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் அம்மா டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள்தான் பருப்பு சோறு பிசைந்து ஊட்டினாள். அந்தக் கையில் மண்வெட்டிக் காம்பு ஏறி இறங்கினதையும் இவள்தான் பார்த்தாள்.

நடவுக்கு வந்த கலைமணி அந்த வாரம் உண்ணாமலை கொடுத்த டீயைக் கையில் வாங்கவில்லை. வரப்பில் வைக்கச் சொன்னாள். ஆறி ஈ விழுந்தது. மறுநாள் உண்ணாமலை கிழக்குத் தெருவுக்கே போனாள்.

“நானும் பாத்தேன் கலைமணி. நான் சொல்றேன்.”

கலைமணி காலில் விழவில்லை, கண்ணீர் விடவில்லை. முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்: “ரெண்டு வருசமா அத எங்கம்மா வெச்சிருந்தீங்க? அடுக்குப் பானையிலயா?”

கலைமணி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“ஒங்க வூட்டுக்காரர் பேச்சக் கேட்டு லோடு ஆட்டோவுல ஏறினவ நான். வெயில்ல உக்காந்து ஊரு பேரு தெரியாத புள்ளைங்களுக்காவ கத்துனேன். எம் புள்ளைக்குன்னு வந்தப்ப அவரு பொதுவானவர் ஆயிட்டாரு. நீங்க கூண்டுல ஏறி என்னவா ஆவீங்களோ?”

“ஏறினாத்தான தெரியும். வக்கீல்கிட்ட சொல்லு.”

அரசு வக்கீல் மனுப் போட்டார். கோர்ட்டு ஒத்துக்கொண்டது. சம்மன் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று “உண்ணாமலைங்கறது யாரு?” என்று கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியவில்லை.

சங்கதி முருகையனுக்குப் போன வேகத்துக்கு மின்சாரம் தோற்றுவிடும். அவர் ஜோசியரைக் கூடக் கேட்கவில்லை. சம்மனில் என்ன தேதியோ அதே தேதியில் பந்தக்கால் என்று பங்காளிகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பெண்ணைப் பெற்றவள் மஞ்சள் பூசாமல் கால் ஊன்ற முடியாது. அவள் எப்படிக் கோர்ட்டுக்குப் போவாள், பார்க்கலாம்.

வாலிகண்டபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினாள். “சம்பந்தி, பங்காளி சேராத பந்தல்ல எங்க புள்ள தாலி கட்ட மாட்டான். பாத்து நடந்துக்கங்க.”

அன்று காலை மூங்கிலும் மாவிலையும் வாசலுக்கு வந்துவிட்டன. பங்காளிகள் வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உண்ணாமலை குளித்து, மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். எந்தப் புடவை கட்டுவது என்று பெட்டியைத் திறந்து, பட்டை எடுத்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். பெண்ணின் வாழ்க்கையல்லவா.

ஆர்த்தி பின்னால் வந்து நின்றாள். “அந்தப் பச்சையக் கட்டிக்க. அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“ஏன்டி, ஒனக்குக் கல்யாணம் வேணாமா?”

“வேணும். எனக்குக் கல்யாணத்துக்கு மாப்புள வந்தாப் போதும். பெரியப்பா வர வேணாம்.”

உண்ணாமலை வாசலுக்கு வந்தாள். மூத்தாருக்கு நேர் எதிரே நின்றாள். பங்காளிகள் அதற்கே எழுந்துவிட்டார்கள்.

“மாமா, நான் அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேன். வர்ற வரைக்கும் இருக்கறதுன்னா இருங்க. காப்பி போட்டு வெச்சிருக்கேன்.”

“ஏய், அமிர்தலிங்கம்!” என்று முருகையன் கர்ஜித்தார். “ஒம் பொண்டாட்டி என்ன பேசுறா பாரு!”

எல்லோரும் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் பந்தலுக்கு வந்த மூங்கிலைப் பார்த்தார். அது நல்ல மூங்கிலா என்று தட்டிப் பார்த்தார். பொண்டாட்டியைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கோர்ட்டில் குருமூர்த்தி மஞ்சள் சட்டை போட்டு நின்றான். சித்தியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். யார் அடித்தது என்று அரசு வக்கீல் கேட்டார்.

“தோ, அந்த மஞ்சச் சட்டை. எங்க மூத்தார் மவன். குருமூர்த்தி. மொத அடி அவந்தான்.” குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை; மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கை காட்டினாள்.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். “ஏம்மா, இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா? போலீசு வந்து அவரைக் கேட்டாங்க. என்னைக் காப்பி போடச் சொன்னாங்க. போட்டேன். நானா வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அது தப்புதான்.”

“ஒங்க வீட்டுக்காரர் எதையும் பாக்கலைங்கறாரே?”

“அப்புடி எங்க சொன்னாரு? சொல்ல மாட்டேன்னுதானே சொன்னாரு. பாக்காதவரு எதுக்குச் சொல்ல மாட்டேங்கணும்?”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“பங்காளிச் சண்டை, பொறாமை. அதனாலதான் பொய் சாட்சி சொல்றீங்க, அப்படித்தானே?”

“சண்டை இருந்தாச் சௌகரியமா இருந்திருக்கும் சார். இன்னிக்கு எம் பொண்ணுக்குப் பந்தக்கால். மஞ்சளக் குழச்சு வெச்சுட்டு வந்திருக்கேன், காஞ்சுகிட்டிருக்கும். கேக்கறதச் சீக்கிரம் கேளுங்க.”

வக்கீல் இன்னும் என்னென்னவோ கேட்டார். அவள் பார்த்ததையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பார்த்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க அவளுக்கு ஜெனீவாவா தெரியும்?

திரும்பி வரும் பஸ்ஸில் கலைமணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெயங்கொண்டம் தாண்டியதும் மடியிலிருந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலை எடுத்து, பாதியை உண்ணாமலை கையில் கொட்டினாள். ஊரில் இறங்கியதும், “வூட்டுக்கு வாயேன், கால் ஊன்றப் போறோம்” என்று உண்ணாமலை கூப்பிட்டாள்.

“வேணாம்மா. ஒங்க தெரு வம்பு எனக்கெதுக்கு? தீர்ப்பு வரட்டும், அப்பறம் வாரேன்” என்று கலைமணி கிழக்கே திரும்பி நடந்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

வாசலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள் பங்காளிகள், டம்ளர்கள் சாட்சி. மூங்கில் தரையில் கிடந்தது. ஆர்த்தி கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள், பாதி ஆழம் போயிருந்தது. அமிர்தலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாலிகண்டபுரத்துலேர்ந்து அவரு போன் பண்ணாரும்மா” என்றாள் ஆர்த்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “அவங்கம்மா அழுவுறாங்களாம். அழுதுட்டு வரட்டும், நாங்க வரோம்னாரு.”

உண்ணாமலை காய்ந்திருந்த மஞ்சளில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். குழியில் பால் ஊற்றினாள். மூங்கிலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அடிப்பக்கத்தைத் தூக்கினாள். ஆர்த்தி நுனியைத் தூக்கினாள். பச்சை மூங்கில், நல்ல கனம். பங்காளிகள் எல்லோரும் பிடிக்கிற கால் அது. பாதியில் ஆடியது.

“ஏங்க, ஒரு கை புடிங்க” என்றாள்.

அமிர்தலிங்கம் எழுந்தார். ரெண்டு எட்டு வைத்தார். தெருக் கோடியில் அண்ணன் வீட்டு மாடியில் யாரோ நின்று பார்ப்பது கண்ணில் பட்டது. நின்றுவிட்டார். கையைத் தூக்கினார், தலையைச் சொறிந்துகொண்டார், இறக்கினார்.

“பாத்து, பாத்து” என்றார்.

பெண்கள் ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். மூங்கில் குழிக்குள் நங்கென்று இறங்கியது. ஆர்த்தி காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மிதித்தாள். உண்ணாமலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

“தள்ளி நில்லுங்க” என்றாள் புருசனிடம். “வழியில நிக்கிறீங்க.”